காலபோகத்துக்கு வயலில் இறங்கலாமா? நாரி நோவோடு இருக்கும் ஒரு தம்பிக்கு

வாசகர் கடிதம் (சுருக்கப்பட்டது):

"எனக்கு 25 வயது. வட்டக்கச்சியில் இருக்கிறேன். ஒரு ஹாட்வெயாரில் வேலை. காலபோகத்துக்கு அப்பாவோடு சேர்ந்து மூன்று ஏக்கர் வயல் செய்வோம். வைகாசியில் லொறியில் இருந்து சீமெந்துப் பை இறக்கும்போது நாரி பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் நிமிரவே ஏலாமல் கிடந்தேன். பிறகு குறைந்தாலும் நாலு மாதமாகியும் முழுதாகப் போகவில்லை. கொஞ்ச நேரம் குனிந்தாலோ கிரவல் ரோட்டால் மோட்டார்சைக்கிளில் போனாலோ உளையும். வலது குண்டி, தொடை வரை இழுக்கும். முழங்காலுக்குக் கீழே போகாது. விறைப்பு இல்லை. காலையில் எழும்பினால் பத்து நிமிடம் இறுக்கமாக இருக்கும், பிறகு சரி. எம்.ஆர்.ஐ. ஸ்கானில் எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கித் தேய்ந்திருக்கிறதாம். பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெல்ட் கட்டிக்கொண்டு அனேகமாகப் படுத்தே இருக்கிறேன். பாமசியில் டைக்குளோபினாக் வாங்கி ஒவ்வொரு நாளும் போடுகிறேன். அம்மா வாளியைக்கூடத் தொட விடுகிறா இல்லை. வேலைக்குப் போகாததால் மோட்டார்சைக்கிள் லீசிங் காசும் நிலுவையில் நிற்கிறது. யூரியூப்பில் ஒவ்வொருவர் ஒவ்வொரு பயிற்சி சொல்கிறார்கள். எதைச் செய்வது? செய்தால் டிஸ்க் இன்னும் விலகுமா? ஒப்பரேசன் தேவைப்படுமா? விதைப்புக்கு வயலில் இறங்கலாமா? பழையபடி கரப்பந்து விளையாடலாமா?"

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விகளைவிட, போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன இரண்டு விசயம்தான் எனக்குக் கூடுதல் கவலை தந்தது. ஒன்று, அனேகமாகப் படுத்தே இருப்பது. மற்றது, ஒவ்வொரு நாளும் டைக்குளோபினாக். டிஸ்க்கைப் பற்றிப் பிறகு கதைப்போம். முதலில் இந்த இரண்டும் நிற்க வேண்டும்.

குளுசையில் இருந்து தொடங்குகிறேன். நாரி பிடித்த புதிதில் டொக்டர் சொல்லி, சாப்பாட்டுக்குப் பிறகு சில நாள் டைக்குளோபினாக் எடுப்பதில் பிழையில்லை. மாதக் கணக்கில், டொக்டரைக் கேட்காமல், பாமசியில் வாங்கி எடுப்பது வேறு கதை. இந்த வகைக் குளுசைகள் வயிற்றில் புண் போடும். அதைவிட முக்கியம், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்கும் உடம்பில் அந்தப் பாதிப்பு இன்னும் கூடும். வடமத்திய மாகாணத்தில் 1990களில் இருந்து வயல்காரரை வாட்டும், காரணம் முழுதாகத் தெளியாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் இருக்கிறது. அந்தப் பிரதேசத்தின் வாசலில் இருந்துகொண்டு சிறுநீரகத்தோடு விளையாட முடியாது. ஆகவே இந்தக் கிழமையே கிளிநொச்சி ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். நாலு மாதமாக என்ன குளுசை, எத்தனை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிரசரைப் பார்த்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் என்ற ரத்தப் பரிசோதனையையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நோவுக்கு இனி என்ன மருந்து, மருந்து வேண்டுமா என்பதை அந்த டொக்டர் தீர்மானிக்கட்டும். அங்கேயே இயன் மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கும் ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கடிதத்தை வாசித்துத்தான் எழுதுகிறேன். உங்கள் முதுகையும் காலையும் ஒருவர் நேரே சோதித்துப் பார்ப்பது அவசியம்.

இனி அந்த ஸ்கான். டிஸ்க் என்பது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் தட்டு; எல்4–எல்5 என்றால் நாரிப் பகுதியின் நாலாம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையில் இருப்பது. இருபத்தைந்து வயதில் 'டிஸ்க் தேய்ந்துவிட்டது' என்ற வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் இதையும் தெரிந்து வைத்திருங்கள். முதுகு நோவே இல்லாத 3110 பேரின் ஸ்கான் முடிவுகளைத் திரட்டி 2015இல் ஓர் ஆய்வு வந்தது. அதன்படி இருபது வயதில் உள்ளவர்களிலேயே 37 வீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானமும், 30 வீதத்தினருக்கு டிஸ்க் பிதுக்கமும் இருந்தன. இவர்களில் ஒருவருக்கும் நோ இல்லை. எண்பது வயதில் தேய்மானம் 96 வீதத்தினருக்கு. உங்களோடு கரப்பந்து விளையாடும் பெடியள் எல்லாரையும் கொண்டுபோய் ஸ்கான் செய்தால், நோவே இல்லாத சிலருக்கும் உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டேதான் வரும். நீங்கள் எழுதிய பிதுக்கம் நோவுக்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் முதுகு பழுதாகிவிட்டது என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் இல்லை.

ஸ்கானைப் பற்றிக் கதைக்கும்போது வன்னியில் இருக்கிற எல்லாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரிய காந்தம். யுத்த காலத்தில் காயப்பட்டு உடம்பில் செல்துண்டோ சன்னமோ இன்னும் இருக்கிறவர்கள், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எத்தனை வருசமானாலும், ஸ்கான் அறைக்குள் போக முன்னமே சொல்லிவிட வேண்டும். முதலில் எக்ஸ்ரே எடுத்து அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் குழந்தையாக இருந்த சிலருக்குத் தங்கள் உடம்பில் துண்டு இருப்பதே தெரியாது. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

உங்களுக்கு ஒப்பரேசன் தேவையா? நீங்கள் எழுதியது அப்படியே சரியென்றால், இல்லை. இழுவை முழங்காலுக்குக் கீழே போகவில்லை. விறைப்பில்லை. கால் சோர்ந்ததாகவும் நீங்கள் எழுதவில்லை. நரம்பு நசிந்து, நோ பாதம் வரை இறங்கி வாட்டுகிறவர்களிலேயே பெரும்பாலானோர் சில கிழமைகளில், சில மாதங்களில் கத்தியில்லாமல் தேறுகிறார்கள். வெளியே தள்ளிய டிஸ்க் பகுதியை உடம்பே மெல்ல மெல்ல உறிஞ்சிச் சுருக்கிவிடுவதும் சாதாரணமாக நடக்கிறது. ஒருமுறை விலகினால் விலகினதுதான் என்று ஊரில் சொல்வது சரியில்லை.

அப்படியென்றால் நாலு மாதமாக ஏன் நோகிறது? இங்கேதான் படுக்கைக்கு வருகிறோம். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களில் புதிதாக நாரி பிடித்தவர்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை. ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு, நோ பொறுக்கிற அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். மூன்றாவது பிரிவுதான் எல்லாரையும்விடக் கெதியாகத் தேறியது. படுத்தவர்கள் கடைசி. இரண்டே இரண்டு நாள் படுக்கைக்கு அந்த விளைவு. நீங்களோ மாதக் கணக்காகக் கிடக்கிறீர்கள். படுத்துக் கிடக்கும் உடம்பில் நாரித் தசையும் குண்டித் தசையும் மெலிகின்றன. முன்பு 50 கிலோ சீமெந்துப் பை தூக்கிய முதுகுக்கு இப்போது ஒரு வாளி தண்ணீரே பாரமாகிறது. தூக்கினால் நோகிறது, நோகிறதென்று மறுபடியும் படுக்கிறீர்கள்.

இதோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. ஒருமுறை கள்ளன் வந்துபோன வீட்டு நாய், பிறகு கடிதம் கொண்டுவருகிறவரைக் கண்டாலும் அதே மாதிரிக் குரைக்கும். காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அப்படித்தான் நடந்துகொள்கிறது; சின்ன அசைவுக்கே பெரிய நோவைக் காட்டும். நோ பொய் என்று நான் சொல்லவில்லை. முழுக்க உண்மையான நோ. ஆனால் நாலு மாதத்துக்குப் பிறகு நோகிறது என்பதற்கு உள்ளே ஏதோ முறிகிறது என்று அர்த்தம் எடுக்கத் தேவையில்லை. இந்த ஒரு விசயம் மனதில் பதிந்தால்தான் கீழே சொல்லப்போகிற பயிற்சிகளைத் துணிந்து செய்வீர்கள்.

பெல்ட்டை ஒரு கிழமைக்குள் விடுங்கள். முதலில் படுக்கும்போதும் வீட்டுக்குள் நிற்கும்போதும் கழற்றுங்கள், பிறகு வெளியே போகும்போதும். உலக சுகாதார நிறுவனம் 2023 மார்கழியில் நாட்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டலில், பெல்ட்டையும் இடுப்பை இழுத்துக் கட்டும் சிகிச்சையையும் வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்றும், பயிற்சியையும் நோயாளிக்கு விளங்கப்படுத்துவதையும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். சுடுதண்ணீர்ப் பை வைப்பது, எண்ணெய் பூசி மெல்ல உருவுவது எல்லாம் செய்யலாம், கொஞ்ச நேரத்துக்குச் சுகம் தரும். முதுகில் ஏறி மிதித்து, முறித்துச் சுளுக்கு எடுக்கிறவர்களிடம் மட்டும் போக வேண்டாம்.

இனிப் பயிற்சி. யூரியூப்பில் ஒவ்வொருவரும் தங்களுடையதுதான் சரியென்று சொல்வதால் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். 2021இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 249 பரிசோதனைகளை அலசியது. பயிற்சி செய்தவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களையும் வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களையும்விட நோ குறைந்தது. நூற்றுக்கு அளந்தால் சராசரியாக 15 புள்ளியளவு. மந்திரம் இல்லை. ஆனால் மாதக் கணக்காக நோகிறவருக்கு அது வயலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிற வித்தியாசம். பயிற்சி வகைகளுக்கிடையே உள்ள வித்தியாசமோ அந்தளவுக்குப் பெரிதில்லை. ஆகவே எது என்று அலைய வேண்டாம். மெதுவாகத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, விடாமல் செய்ய வேண்டும். அதோடு, நீங்கள் திரும்பப் போக வேண்டிய வேலைக்கு முதுகைப் பழக்குகிறதாக அது இருக்க வேண்டும். உங்கள் வேலை குனிவதும் தூக்குவதும். குனியாமல் தூக்காமல் இருந்து அந்த வேலைக்கு யாரும் தேற முடியாது.

எவ்வளவு நோவைப் பொறுக்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். நோவே இல்லாதது பூச்சியம், தாங்கவே முடியாதது பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது மூன்று, நாலு வரை போனால் பரவாயில்லை. அடுத்த நாள் காலையில் அது வழமையான அளவுக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் அன்று செய்தது கூடிவிட்டது, அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். நிற்பாட்ட வேண்டாம். நோ நாரியை விட்டுக் கீழே இறங்கி முழங்கால், பாதம் என்று போகத் தொடங்கினால் மட்டும் அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு இயன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் இரண்டு கிழமையும் நடையும் அசைவும்தான். இரணைமடு வாய்க்கால் கரையால் காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம் நடவுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நடைதானே என்று நினைக்க வேண்டாம். நாரி நோவில் இருந்து மீண்ட 701 பேரை வைத்து அவுஸ்திரேலியாவில் செய்த பரிசோதனை 2024இல் வெளியானது. இயன் மருத்துவர் வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப்பேருக்கு நோ திரும்பி வர 208 நாள் எடுத்தது. ஒன்றும் செய்யாதவர்களுக்கு அது 112 நாள். காசு செலவில்லாத மருந்து இதைவிட எனக்குத் தெரியாது. நடந்து வந்த பிறகு பாயை விரித்து மல்லாந்து படுங்கள். முழங்கால் இரண்டையும் மடக்கி, பாதத்தை நிலத்தில் வைத்து, முழங்கால்களைச் சேர்த்தபடி வலமும் இடமும் மெல்லச் சாயுங்கள், பத்துத் தடவை. பிறகு ஒரு முழங்காலைக் கையால் பிடித்து நெஞ்சுப் பக்கம் இழுத்து விடுங்கள், மற்றதையும் அப்படியே. அதன்பின் கையும் முழங்காலும் ஊன்றி நின்று, பூனை போல முதுகை மேலே வளைத்து, கீழே தாழ்த்துங்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் எடுக்காது.

எழும்பின உடனே இதைச் செய்ய வேண்டாம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் பருத்திருக்கும். காலையில் எழும்பிய பிறகு கொஞ்ச நேரத்துக்கு அதிகமாகக் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நோ குறைந்ததாகப் பரிசோதனை ஒன்று காட்டியிருக்கிறது. விடிய எழும்பி நேரே மண்வெட்டியோடு குனிகிறவர்கள் கவனிக்க வேண்டிய விசயம் இது. கொஞ்சம் நடந்து, தேத்தண்ணி குடித்து, மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டுப் போகலாம்.

மூன்றாம் கிழமையில் இருந்து பலம். ஒன்றுவிட்டு ஒருநாள் செய்தால் போதும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி ஐந்து செக்கன் பிடித்து இறக்குங்கள், பத்துத் தடவை. அடுத்து, கையும் முழங்காலும் ஊன்றி நின்று, வலது கையை முன்னும் இடது காலைப் பின்னும் நீட்டிப் பிடியுங்கள், பிறகு மாற்றி. முதுகில் ஒரு தண்ணீர்க் கோப்பை வைத்தால் சிந்தக் கூடாது, அந்தளவுக்கு நிதானம் வேண்டும். மூன்றாவது, சரிந்து படுத்து முழங்கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பை நிலத்தில் இருந்து தூக்கிப் பிடிப்பது, இரண்டு பக்கமும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஸ்டூவர்ட் மக்கில் முதுகெலும்பின் மேல் விழும் சுமையை அளந்து பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளில் பின்னைய இரண்டும் அடங்கும். தசை நன்றாக வேலை செய்யும், முதுகெலும்புக்குச் சுமை குறைவு. ஆரம்பத்துக்கு நல்லவை. ஆனால் இவற்றோடு நின்றுவிடாதீர்கள். பாயில் படுத்துச் செய்கிற பயிற்சி மட்டும் மூட்டை தூக்கப் பழக்காது.

அதற்குத் தண்ணீர்க் கான் இருக்கிறது. வீட்டில் 20 லீற்றர் கான் ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஜிம்மில் காசு கட்டி வாங்கும் வசதி இதில் இருக்கிறது. வேண்டிய அளவுக்குப் பாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். முதலில் மண்வெட்டிப் பிடி ஒன்றை முதுகோடு நீளவாக்கில் பிடியுங்கள். தலையின் பின்பக்கம், முதுகின் நடு, குண்டிக்கு மேல் எலும்பு, இந்த மூன்று இடமும் பிடியில் முட்டியபடியே, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, குண்டியைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து நிமிருங்கள். நாரியை வளைக்காமல் இடுப்பு மூட்டால் குனிவது எப்படி என்று உடம்புக்கு அப்போது விளங்கும். இது பழகின பிறகு, இரண்டு சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் கானை வைத்து, 5 லீற்றர் தண்ணீரோடு அதே மாதிரித் தூக்கி நிமிருங்கள். எட்டுத் தடவை, ஓய்வு, மறுபடி எட்டு. கிழமைக்கு 2 லீற்றர் வீதம் கூட்டுங்கள். 10 லீற்றர் இலேசாகத் தோன்றும்போது ஒரு கல்லை எடுத்துவிடுங்கள். பிறகு நிலத்தில் இருந்து. இன்னொன்று, கானை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சரியாமல் நிமிர்ந்து வளவைச் சுற்றி நடப்பது, கை மாற்றி மாற்றி. இந்தக் கணக்கில் கார்த்திகை கடைசியிலோ மார்கழியிலோ நிறைகானை நிலத்தில் இருந்து தூக்குவீர்கள்.

எப்போதும் நாரியை நேராக வைத்துத்தான் தூக்க வேண்டுமா, வளைந்தால் முறிந்துவிடுமா என்று கேட்பீர்கள். முறியாது. நாற்று நடுகிறவர்களும் களை பிடுங்குகிறவர்களும் வளைந்துதான் நிற்கிறார்கள். முதுகு வளைவதற்கென்றே அமைந்தது. தேறுகிற காலத்தில், பாரத்தோடு சேர்த்து மட்டும், இடுப்பால் குனியச் சொல்கிறேன். செருப்பு எடுக்க, கால் கழுவ எல்லாம் பயப்படாமல் குனியுங்கள்.

விதைப்பு. வயலில் இறங்கலாம், கட்டாயம் இறங்குங்கள். ஆனால் போன வருசம் செய்த வேலை முழுவதையும் இந்த முறை எதிர்பார்க்க வேண்டாம். பேசினில் நெல் எடுத்து விதைப்பது உங்களுக்கு நல்ல பயிற்சி. பேசினைப் பாதியாக நிரப்புங்கள். வரம்பு கட்டுவதைப் பத்து நிமிடம் செய்து, வேறு வேலை பார்த்து, மறுபடி வாருங்கள். ஒரே மூச்சில் முடிக்கிற வேலையில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை இந்தப் போகத்துக்கு அப்பாவிடமோ கூலிக்கோ விட்டுவிடுவது நல்லது. அதிர்வும், சேற்றில் திருப்பும்போது உடம்பு முறுகுவதும் சேர்ந்தால் உங்கள் நாரிக்கு இப்போது அது அளவுக்கு மிஞ்சியது. விட ஆளில்லையென்றால் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள். மருந்தடிக்கும் 16 லீற்றர் டாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், இரண்டு தோள்பட்டியும் போடுங்கள், வரம்பில் உயரமாக வைத்து முதுகில் ஏற்றுங்கள். உரப் பையை இருவராகப் பிடியுங்கள். தை, மாசியில் அறுவடை முடிந்து மூட்டை ஏற்றும் நேரம் அரைமூட்டையைத் தனியாகத் தூக்க நீங்கள் தயாராக இருக்கலாம். நிறைமூட்டையைத் தனி ஆளாகத் தூக்குவது உங்களுக்கு மட்டுமில்லை, நோவில்லாத பெடியளுக்கும் வேண்டாத வீரம்.

ஹாட்வெயார் முதலாளியிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்: முழு வேலையும் இப்போது ஏலாது, பில் எழுதுவது, ஆணி, பெயின்ற் நிறுத்துக் கொடுப்பது போன்ற வேலைக்கு அரைநாள் வருகிறேன் என்று. வேலைக்குத் திரும்புவதும் மருந்துதான். லீசிங் காசு நிலுவையில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரவில் நித்திரை இல்லாமல் அதையே யோசித்துக் கிடந்தால் நோ கூடும். நித்திரை கெடுவதும் கவலையும் நோவைக் கூட்டுவது பல ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அரைநாள் சம்பளமாவது வந்தால் மனப்பாரம் கொஞ்சம் இறங்கும். சிகரெட் பழக்கம் இருந்தால் விடுங்கள். புகைப்பவர்களுக்கு நாரி நோ கூடுதலாக வருகிறது.

அம்மாவுக்கும் ஒரு சொல். அம்மா, பிள்ளை வாளி தூக்கினால் நாரி முறிந்துவிடும் என்று நீங்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. எவ்வளவோ பார்த்து வந்தவர்கள் நீங்கள். பிள்ளைக்கு இன்னொன்று வரக் கூடாது என்றுதான் பொத்திப் பொத்தி வைக்கிறீர்கள். ஆனால் இந்த நோவுக்குப் பொத்தி வைப்பது கூடாது. நாளைக்கே கிணற்றில் இருந்து அரை வாளி தண்ணீர் அவரே அள்ளட்டும். நோகுதா என்று நாளுக்குப் பத்துத் தரம் கேட்காமல், இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தாய் என்று கேளுங்கள்.

இதை வாசிக்கும் மற்ற இளம் பிள்ளைகள் எல்லாரும் இந்தத் தம்பியின் பயிற்சியை அப்படியே தொடங்கிவிடக் கூடாது. நாரி நோவில் பெரும்பகுதி ஆபத்தில்லாதது என்றாலும் சிலதைத் தள்ளிப்போட முடியாது. சிறுநீர் போக முடியாமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, மலவாசலையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப் போவது, கால் நாளுக்கு நாள் சோர்ந்து பாதம் இழுபடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது, இரவு வியர்ப்பது ஆகியவற்றோடு நாரி நொந்தால் முள்ளந்தண்டில் காசநோயோ வேறு கிருமியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தால், கூரையால், மோட்டார்சைக்கிளால் விழுந்து தொடங்கிய நோவுக்கு முதலில் எக்ஸ்ரே.

இன்னொரு வகையும் இருக்கிறது; இளம் வயதில்தான் அது தொடங்கும், வருசக் கணக்காகப் பிடிபடாமலும் போகும். நோ மெல்ல மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும். காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் நாரி கட்டைபோல இறுகி இருக்கும். படுத்தால் கூடும், வேலை செய்யக் குறையும். விடியப்புறத்தில் நோவால் நித்திரை குழம்பும். குண்டி ஒருமுறை வலம், ஒருமுறை இடம் என்று மாறி மாறி நோகும். இது மூட்டுவாதத்தில் ஒரு வகை. பயிற்சி இதற்கும் வேண்டும், ஆனால் மருந்தும் வேண்டும். இப்படி இருக்கிறவர்கள் டொக்டரிடம் 'காலை இறுக்கம் எவ்வளவு நேரம்' என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். தம்பி, உங்களுக்குப் பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது, பாரம் தூக்கி ஒரே நாளில் தொடங்கியது. அதனால்தான் உங்களைப் பற்றி அந்தப் பக்கம் நான் யோசிக்கவில்லை.

காமென்ற்ஸில் மெசினுக்கு முன்னால் நாள் முழுக்க இருந்து தைக்கிற தங்கச்சிமாரிடம் இருந்தும் கடிதங்கள் வருகின்றன. அவர்களுக்குத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நின்று, இடுப்பில் கை வைத்துப் பின்னுக்கு ஐந்து தடவை வளையுங்கள். மேற்பார்வையாளர் கேட்டால், பத்துச் செக்கன்தான் என்று சொல்லுங்கள்.

கடைசியாகக் கரப்பந்து. விளையாடலாம், இப்போது இல்லை. 15 லீற்றர் கானை நிலத்தில் இருந்து எட்டுத் தடவை தூக்கி, அடுத்த நாள் நோ கூடாமல் எழும்பினால் தொடங்கலாம். முதலில் வீட்டு வளவில் நின்ற இடத்தில் சின்னச் சின்னப் பாய்ச்சல், முழங்காலை மடித்து மெத்தென்று இறங்க வேண்டும். அது ஒரு கிழமை பிரச்சினையில்லாமல் போனால் மைதானத்துக்குப் போங்கள். இரண்டு கிழமைக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதும் சேர்விஸ் போடுவதும் மட்டும். உயரப் பாய்ந்து, முதுகைப் பின்னுக்கு வளைத்து அடிக்கிற அடியைத் தைப்பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம். அதற்கிடையில் ரத்தப் பரிசோதனை முடிவையும், எத்தனை லீற்றருக்கு வந்திருக்கிறீர்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.